நனைந்த தாளில் இருபத்து நான்கு சொல்

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பெயர், தெரு, தொகை மூன்றையும் நான் எடுத்துவிட்டேன். மீதிக் கடிதம் இது:

"தம்பி, எனக்கு வயது 61. இரும்புக்கடை வைத்திருந்தேன், இப்போது மகன் பார்க்கிறான். 2018-இல் பெங்களூரில் இருக்கும் தங்கச்சி மகன் சொல்லிக் கொஞ்சம் பிட்காயின் வாங்கினேன். பென்டிரைவ் மாதிரி ஒரு கருவி வாங்கி அவனே அதில் போட்டுத் தந்தான். 24 இங்கிலீஷ் வார்த்தையைக் கடைக் கணக்கு நோட்டில் எழுதி வைத்தேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். நோட்டு நனைந்து, இரண்டு வார்த்தை மை கலங்கி அழிந்துவிட்டது. படம் இணைத்திருக்கிறேன், உங்களுக்காவது புரிகிறதா பாருங்கள். இப்போது குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தால் பிட்காயின் பூட்டெல்லாம் உடைந்துவிடும் என்கிறார்கள். மூத்த மாப்பிள்ளை உடனே விற்கச் சொல்கிறார். பேங்க் முழுகினால் 5 லட்சம் வரை இன்சூரன்ஸ் உண்டு. இது முழுகினால் யார் தருவார்கள்? வாட்ஸ்அப்பில் ஒருவர் 'குவாண்டம் பாதுகாப்பு வாலட்'டுக்கு மாற்றித் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்ய?"

அண்ணாச்சி, குவாண்டம் கம்ப்யூட்டர் அப்புறம். முதலில் அந்தப் படம்.

திறந்து பார்த்த மறு நிமிடமே அழித்துவிட்டேன். ஆனால் நான் அழித்து என்ன பிரயோஜனம்? உங்கள் போனில் இருக்கிறது, போன் தானாக எடுத்துவைக்கும் பேக்கப்பில் இருக்கிறது, மாப்பிள்ளை மூலமாக அனுப்பியதால் அவர் வாட்ஸ்அப்பிலும் இருக்கிறது. அந்த 24 சொல்லிலிருந்து கருவிக்குள் இருக்கும் சாவியை அப்படியே திரும்ப உண்டாக்கலாம். அது காசுக்கான ரசீது அல்ல. அதுதான் காசு. அந்தப் படத்தை யார் பார்த்தாலும், கருவி வேண்டாம், பின் நம்பர் வேண்டாம், உங்களுக்குத் தெரியவும் வேண்டாம், எடுத்துக்கொண்டு போகலாம்.

இரண்டு வார்த்தைதான் அழிந்துபோயிருக்கிறதே என்று நினைப்பீர்கள். அது உங்களுக்கும் எனக்கும்தான் தடை. இந்தச் சொற்கள் எல்லாமே 2,048 சொல் கொண்ட ஒரே பட்டியலிலிருந்து வருபவை. இரண்டு தெரியாது என்றால் 2,048 தடவை 2,048, ஏறக்குறைய 42 லட்சம் வாய்ப்பு. கடைசிச் சொல்லுக்குள் ஒரு சரிபார்ப்புக் கணக்கு ஒளிந்திருக்கிறது. அது பொருந்தாதவற்றைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது சுமார் 16,000. சாதாரண லேப்டாப்புக்கு ஒரு காப்பி குடிக்கிற நேரத்து வேலை.

அதனால் காசை இடம் மாற்றியே ஆக வேண்டும். ஒரு எச்சரிக்கை: பதற்றத்தில் பழைய கருவியை ரீசெட் செய்துவிடாதீர்கள். நோட்டில் இரண்டு சொல் இல்லாத நிலையில், முழுச் சாவி உயிரோடு இருப்பது அந்தக் கருவிக்குள் மட்டும்தான். தங்கச்சி மகனை இன்னொரு புதுக் கருவியோடு இன்று ராத்திரியே பஸ் ஏறச் சொல்லுங்கள். கம்பெனியிடமே நேராக வாங்கிய, பிரிக்காத பெட்டியாக இருக்க வேண்டும். அதில் புதிதாக 24 சொல் உண்டாக்கி எழுதுங்கள். எழுதியதும், காசு போடுவதற்கு முன்னால், புதுக் கருவியை ஒரு தடவை அழித்து, தாளைப் பார்த்துத் திரும்ப ஏற்றிப் பாருங்கள். அதே முகவரி வந்தால் எழுதியது சரி. பிறகு சின்னத் தொகை ஒன்றை அனுப்பி, வந்து சேர்ந்ததைப் பார்த்துவிட்டு மீதி முழுவதையும் அனுப்புங்கள். அனுப்பும் புது முகவரி பி-சி-1-க்யூ என்று தொடங்கட்டும். பி-சி-1-பி என்று தொடங்குவது வேண்டாம். ஏன் என்று சொல்லப் போனால்தான் உங்கள் குவாண்டம் கேள்விக்கே வந்து சேருவோம்.

நெல்லையப்பர் கோவில் உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். யார் வேண்டுமானாலும் போடலாம், திறக்கச் சாவி வேண்டும். பிட்காயினிலும் ஊருக்குத் தெரிகிற பொதுச்சாவி ஒன்று, உங்களிடம் மட்டும் இருக்கிற ரகசியச்சாவி ஒன்று. ரகசியத்திலிருந்து பொதுச்சாவியைக் கணக்கிடுவது சுலபம். திரும்பிப் போகும் பாதை இன்றைய எந்தக் கம்ப்யூட்டருக்கும் நடக்காத காரியம். அந்த ஒருவழிப் பாதைதான் பூட்டு. 1994-இல் பீட்டர் ஷோர் என்ற கணிதவியலாளர், போதுமான அளவில் ஒரு குவாண்டம் கம்ப்யூட்டர் கிடைத்தால் அந்தப் பாதையில் திரும்பிப் போகலாம் என்று காட்டினார். உண்டியலின் பூட்டை வெளியே நின்று பார்த்தே சாவி செய்துவிடுவதற்குச் சமம். அப்படிச் செய்த சாவிக்கும் உங்கள் சாவிக்கும் வித்தியாசமே இருக்காது. பத்திர ஆபீசில் போலிக் கையெழுத்து என்றால் நிபுணரிடம் அனுப்பலாம். இங்கே ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது கையெழுத்தே கிடையாது.

ஆனால் பூட்டு எல்லா முகவரியிலும் வெளியே தெரிவதில்லை. உங்கள் வகை முகவரியில் பொதுச்சாவியை அப்படியே போடாமல், அரைத்து மாவாக்கிய ஒரு சுருக்கத்தைத்தான் போடுகிறார்கள். ஹேஷ் என்பார்கள். மாவைப் பார்த்து எந்த அரிசி என்று சொல்லும் வித்தை குவாண்டம் கம்ப்யூட்டருக்கும் இல்லை. கொஞ்சம் வேகம் கூடும், அவ்வளவுதான். ஷா-256 என்ற ஹேஷ் அந்த வேகத்தையும் தாங்கும். நீங்கள் அந்த முகவரியிலிருந்து முதல்முறை காசு எடுக்கும்போதுதான் பொதுச்சாவி வெளியே வருகிறது. ஆகவே ஒருமுறைகூடக் காசு எடுக்காத முகவரி சுவருக்குப் பின்னால் இருக்கிறது. எடுத்துவிட்டு அதிலேயே மீண்டும் வாங்கிப் போடுகிறவர் சுவரை இடித்துவிட்டார். பி-சி-1-பி வகையில் பொதுச்சாவி முதல் நாளிலிருந்தே வெளியே நிற்கிறது. 2009, 2010-இல் பிட்காயினை ஆரம்பித்தவர்கள் தங்கள் கம்ப்யூட்டரை ஓட்டிச் சம்பாதித்த காசு பெரும்பாலும் அப்படித்தான் திறந்து கிடக்கிறது. சதோஷி நாகமோட்டோ என்ற பெயரில் எழுதியவர் கணக்கில் மட்டும் சுமார் 11 லட்சம் பிட்காயின் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள்.

ஆக, படத்துக்காக நீங்கள் செய்யப்போகும் இடமாற்றமே குவாண்டத்துக்கும் முதல் மருந்து. ஒரு கல்லில் இரண்டு மாங்காய். அதன் பிறகு எடுக்காமல் வைத்திருங்கள். எப்போதாவது கொஞ்சம் எடுத்தால் மீதி புது முகவரிக்குப் போகும்படி விடுங்கள். நல்ல வாலட்டுகள் அதைத் தாமாகவே செய்யும்.

எப்போது வரும் அந்தப் பூதம்? தேதி சொல்கிறவரை நம்ப வேண்டாம். தெரிந்தது இவ்வளவு. கூகுள் 2024 டிசம்பரில் காட்டிய வில்லோ சிப்பில் 105 கியூபிட், அதாவது குவாண்டம் கம்ப்யூட்டரின் கணக்கு அலகு. வங்கிகளும் இணையதளங்களும் பயன்படுத்தும் ஆர்எஸ்ஏ-2048 பூட்டை உடைக்க 2 கோடி கியூபிட் வேண்டும் என்று 2019-இல் கணக்கிட்டிருந்தார்கள். அதே கூகுள் ஆய்வாளர் 2025 மே மாதம் அதைப் பத்து லட்சத்துக்கும் கீழே கொண்டுவந்தார். இயந்திரம் மெதுவாக வளர்கிறது, தேவை வேகமாகக் குறைகிறது. என்னை யோசிக்க வைப்பது இரண்டாவதுதான். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2024 ஆகஸ்டில் குவாண்டத்தைத் தாங்கும் மூன்று புதிய முறைகளை வெளியிட்டது. பழைய வகைகளை 2035-க்குப் பிறகு அனுமதிப்பதில்லை என்று வரைவும் போட்டிருக்கிறது. நான் தணிக்கை செய்யும் இடங்களில் அந்த ஆண்டைத்தான் சொல்லி வருகிறேன்.

குறியாக்க முறைகள் சாவதை நான் கொஞ்ச காலமாகப் பார்க்கிறேன். பெரும்பாலும் படுத்த படுக்கையாகக் கிடந்துதான் சாகின்றன. ஷா-1 என்ற ஹேஷில் ஓட்டை இருக்கிறது என்று 2005-இலேயே காட்டிவிட்டார்கள். உண்மையில் உடைத்துக் காட்டியது 2017-இல். மாற்றிக்கொள்ள 12 வருடம் இருந்தது. மாற்றாதவர்கள் அப்போதும் இருந்தார்கள், அது வேறு கதை. ஆனால் திடீரென்று காசு போன சம்பவமும் உண்டு. 2013 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு போன்களில் சாவிக்கும் கையெழுத்துக்கும் வேண்டிய குலுக்கல் எண்ணை உண்டாக்கும் பகுதியில் ஒரு பிழை வெளிப்பட்டு, போன் வாலட்டுகளிலிருந்து பிட்காயின் திருடு போனது. கணிதம் ஒழுங்காகத்தான் இருந்தது. தாயக்கட்டைதான் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சொந்தமாக 24 சொல் யோசித்து வைப்பது, ஏதோ ஒரு வெப்சைட்டில் உண்டாக்குவது இதெல்லாம் வேண்டாம் என்பது இதனால்தான்.

சரி, முழுகினால் யார் தருவார்கள்? யாரும் தர மாட்டார்கள். டெபாசிட் இன்சூரன்ஸ் வங்கி டெபாசிட்டுக்கு மட்டும். ரிசர்வ் வங்கி 2022 டிசம்பரில் சோதனையாக விட்ட டிஜிட்டல் ரூபாயையும் இதையும் சிலர் ஒன்றாகப் பேசுகிறார்கள். அது ரிசர்வ் வங்கி உங்களுக்குத் தர வேண்டிய கடன். பூட்டு உடைந்தாலும் கடன் கடன்தான், கேட்பதற்கு ஒரு வாசல் இருக்கிறது. பிட்காயினுக்கு அந்த வாசல் கிடையாது. எக்ஸ்சேஞ்சில், அதாவது காயின் வாங்கி விற்கும் கம்பெனியிடமே, வைத்திருப்பவர்களுக்குப் பாதி வாசல் இருக்கிறது. 2024 ஜூலையில் ஓர் இந்திய எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புக்குத் திருடு போனது. அதன் நஷ்டத்தைத் தன் காயின் மேலும் ஏற்றுவதை எதிர்த்து ஒரு வாடிக்கையாளர் போன வழக்கில், கிரிப்டோ ஒரு சொத்துதான் என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பும் கொடுத்தது. நல்ல தீர்ப்பு. எதிர்த்தரப்பு என்று ஒரு கம்பெனி இருந்ததால் அது பலித்தது. உங்கள் காசு கருவியில் இருக்கிறது. பூட்டு உடைந்து போனால் பிரதிவாதி என்று யார் பேரை எழுதுவது?

வரியும் கைகொடுக்காது. லாபத்துக்கு 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீத செஸ். ஒரு காயினின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில்கூடக் கழிக்க முடியாது.

அப்படியானால் ஒரே பாதுகாப்பு, வலையமைப்பே பூட்டை மாற்றிக்கொள்வதுதான். மாற்ற முடியுமா என்றால், முடியும். 2010 ஆகஸ்டில் ஒரு மென்பொருள் பிழையால் 18,400 கோடிக்கும் மேலான பிட்காயின் காற்றிலிருந்து முளைத்தது. மொத்தமே 2.1 கோடிக்கு மேல் வரக்கூடாத காசு! சில மணி நேரத்தில் திருத்திய மென்பொருளை வெளியிட்டு, அந்தப் போலிக் கணக்கு இல்லாத பதிவேட்டுச் சங்கிலியையே எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். அப்போது கூட்டம் சின்னது, ஒரு பந்தியில் உட்காரக்கூடிய அளவு. இப்போது உலகம் முழுக்க இருக்கிறவர்கள் சம்மதிக்க வேண்டும்.

மாற்றத்துக்கு இடமும் வேண்டும். காசு அனுப்பும்போதெல்லாம் ரகசியச்சாவியால் ஒரு டிஜிட்டல் கையெழுத்துப் போடுகிறோம். இன்றைய பிட்காயின் கையெழுத்து ஒன்று சுமார் 70 பைட். குவாண்டத்தைத் தாங்கும் புதிய முறைகளில் ஒன்றான எம்எல்-டிஎஸ்ஏவின் மிகச் சிறிய வகையே 2,420 பைட். பிட்காயின் பதிவேட்டில் பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம்தான் சேரும், அதை பிளாக் என்பார்கள், அதற்குள் இடம் அளவானது. எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடினால் பொங்கலுக்கு நெல்லை எக்ஸ்பிரஸ் டிக்கெட் கதைதான். முன்கூட்டியே நகர்கிறவருக்குக் கட்டணமும் குறைவு, நெஞ்சுவலியும் குறைவு.

இதைவிடப் பெரிய சண்டை, நகராத காசை என்ன செய்வது என்பது. 2025-இல் ஜேம்சன் லாப் என்ற பிட்காயின் மென்பொருளாளர் முதலானோர் ஒரு முன்மொழிவு வைத்தார்கள். முதல் கட்டத்தில் பழைய வகை முகவரிக்கு இனி யாரும் காசு அனுப்ப முடியாது. சில வருடம் கழித்து, பழைய கையெழுத்தே செல்லாது, நகராத காசு உறைந்துவிடும். ஒரு கூட்டம் இதை ஆமோதிக்கிறது. இன்னொரு கூட்டம், என் காசை முடக்க நீ யார், அப்புறம் இதற்கும் அரசாங்கத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறது. நம் பக்கத்தில் கொழும்புக்குப் போய்த் திரும்பாதவர்களின் நிலம் கிராமத்துக்கு ஒன்றாவது கிடக்கும். வாரிசு வரும்வரை யாரும் தொடக்கூடாது என்று வைப்பதா, முதலில் போலிப் பத்திரம் செய்கிறவன் அனுபவிக்கட்டும் என்று விடுவதா? அதே கேள்விதான். நான் உறைய வைக்கும் பக்கம். திருடன் கைக்குப் போகும் லட்சக்கணக்கான காயின் சந்தைக்கு வந்தால் உங்களிடம் இருப்பதன் மதிப்பும் சேர்ந்துதான் சரியும். ஆனால் ஒரு நிபந்தனை: உண்மையான உரிமையாளர் பின்னால் வந்தால் திறக்க வழி இருக்க வேண்டும்.

அந்த வழிக்குத்தான் உங்கள் நோட்டு வருகிறது. அந்த 24 சொல்லிலிருந்து ரகசியச்சாவிக்குப் போகும் பாதையில் ஹேஷ் இருக்கிறது. முதலில் மாவு அரைத்து, அப்புறம்தான் சாவி. குவாண்டம் திருடன் பொதுச்சாவியிலிருந்து ரகசியச்சாவி வரைதான் திரும்பி வர முடியும். அதற்கும் பின்னால் இருக்கும் 24 சொல்லுக்கு வர முடியாது. ஆகவே, சொற்களை வெளியே சொல்லாமலே, அவை என்னிடம் இருக்கின்றன என்று கணிதத்தால் நிரூபித்து உறைந்த காசை மீட்பது என்ற யோசனை அந்த முன்மொழிவின் மூன்றாம் கட்டமாக இருக்கிறது. இன்னும் ஆராய்ச்சிதான், நடைமுறை இல்லை. ஆனாலும் பாருங்கள், போலிச்சாவிக்கும் உங்கள் சாவிக்கும் வித்தியாசம் இல்லை என்று மேலே சொன்னேனே, வித்தியாசம் காட்டக்கூடிய ஒரே சாட்சி அந்தத் தாள். எக்ஸ்சேஞ்சில் விட்டிருந்தால் அதுகூட உங்கள் கையில் இருக்காது.

வாட்ஸ்அப்காரர் கேட்கப்போவதும் அதைத்தான். 'மைக்ரேட் செய்ய உங்கள் 24 வார்த்தையை இந்தப் பக்கத்தில் டைப் பண்ணுங்கள்' என்பார். இல்லையென்றால் 'பாதுகாப்பு முகவரிக்கு அனுப்புங்கள், 24 மணி நேரத்தில் திரும்பி வரும்' என்பார். பிட்காயினில் இன்றைக்குக் குவாண்டம் பாதுகாப்பு முகவரி என்று ஒன்றே அமலில் இல்லை. 360 என்ற எண்ணுள்ள முன்மொழிவு பேச்சில் இருக்கிறது, அவ்வளவுதான். இல்லாத ஊருக்கு டிக்கெட் விற்கிறார். பிளாக் செய்யுங்கள். ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு உடனே போன் போடுங்கள். நாளைக்கு நிஜமாகவே புது முகவரி வந்தாலும் உங்கள் கருவியின் கம்பெனி அப்டேட் தரும். அதில் நீங்களே, இன்று செய்வது போலவே, கருவியிலிருந்து அனுப்பிக்கொள்ளலாம். 24 சொல்லை யாரும் கேட்க வேண்டியதில்லை.

விற்பதா வைப்பதா என்று கேட்டீர்கள். நான் பூட்டுப் பார்க்கிறவன், சந்தை பார்க்கிறவன் இல்லை. இந்தக் காசு போனால் மகள் வீட்டுச் சீரோ உங்கள் மருந்துச் செலவோ நிற்கும் என்றால், மாப்பிள்ளை சொல்வதில் நியாயம் இருக்கிறது. வரி போக மிஞ்சுவது எவ்வளவு என்று ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். குவாண்டம் பயத்துக்காக மட்டும் இந்த வாரமே விற்க அவசரம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. படத்துக்காக இந்த வாரமே இடம் மாற்ற அவசரம் நிச்சயம் இருக்கிறது.

உங்களுக்குப் பிறகு என்ன என்பதையும் யோசிக்க வேண்டும். கருவியைத் தங்கச்சி மகனுக்கு மட்டும்தான் இயக்கத் தெரிகிறது. மகனை ஒரு நாள் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு சின்னத் தொகையை அவன் கையாலேயே அனுப்பச் சொல்லுங்கள். பூட்டு மாற்றும் நாள் வரும்போது உங்களுக்கு 70 வயது தாண்டியிருக்கலாம். அன்றைக்கு வீட்டில் யாராவது ஒருவருக்கு இது பழகியிருக்க வேண்டும்.

கடைசியாக அந்த நோட்டு. காசு முழுவதும் புது முகவரிக்கு வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகு அதை எரித்துவிடுங்கள். புது 24 சொல்லைப் பேனாவில் எழுதி வைக்க வேண்டாம், தாமிரபரணி இன்னொரு தடவை வீட்டுக்குள் வராது என்று யார் கண்டது. இரும்புக்கடைக்காரருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை: ஒரு எவர்சில்வர் தகடு, ஒரு செட் லெட்டர் பஞ்ச், சுத்தியல். பட்டியலில் எந்தச் சொல்லையும் முதல் நான்கு எழுத்திலேயே அடையாளம் காணலாம், அதனால் சொல்லுக்கு நான்கு எழுத்து போதும். மிஞ்சிப் போனால் 96 அடி, ஒரு மத்தியான வேலை. பாத்திரக்கடையில் பேர் வெட்டுகிற பையனிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.